தங்கச்சியை லைப்ரரி சயின்ஸ் படிக்க வைக்கலாமா?

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தங்கச்சி பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாளாம், கதைப் புத்தகம் கையில் இருந்தால் சோறு தண்ணி வேண்டாமாம், பி.எட். போகச் சொன்னால் மாட்டேன், லைப்ரரி சயின்ஸ்தான் படிப்பேன் என்று நிற்கிறாளாம். "ஃபேனுக்கு அடியில உட்கார்ந்து புத்தகம் படிக்கிற வேலைதானே அண்ணே, பொம்பளைப் பிள்ளைக்கு நல்லதுதான், ஆனா வேலை கிடைக்குமா, சம்பளம் வருமா?" என்பது கேள்வி.

வேலை கிடைக்கும், ஆனால் காக்க வைக்கும். சம்பளம் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறாள் என்பதைப் பொறுத்தது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த ஃபேன் சமாச்சாரத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் இந்த வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதை நம்பித்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் ஆறு வருஷம், அப்புறம் கிளை நூலகத்தில் பன்னிரண்டு வருஷம்.

எங்கள் ஊர்ப் பலகாரக் கடைகளில் வேலை செய்யும் ஆச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். சீப்புச் சீடையும் மனகோலமும் டின் டின்னாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கட்டி அனுப்புவார்கள், தாங்கள் ஒன்றை எடுத்து வாயில் போட்டு எத்தனை மாசம் ஆச்சோ. என் நிலைமையும் அதுதான். ஆயிரக்கணக்கான புத்தகத்துக்கு அட்டையும் பொருளடக்கமும் முன்னுரையும் எனக்குத் தெரியும், முழுசாகப் படித்தது வேலைக்கு வருவதற்கு முன்னால் படித்ததில் கால்வாசி இருக்காது. இந்த வேலைக்கு வேண்டியது படிக்கிற ஆசையைவிடக் கொஞ்சம் வேறு மாதிரியான ஒரு குணம். ஒரு பொருள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லையென்றால் அவளுக்கு உறுத்துமா? ஒருவர் வந்து அரைகுறையாக ஏதோ கேட்டால், அவர் உண்மையில் எதைத் தேடுகிறார் என்று தோண்டிக் கேட்கப் பொறுமை இருக்குமா? இந்த இரண்டும் இருந்தால் வரலாம். கணிதம் படித்த பிள்ளை என்பதால் முதலாவது இருக்கும் என்று நினைக்கிறேன்.

கணிதம் என்றதும் ரங்கநாதனைச் சொல்லாமல் போக முடியாது. இந்தியாவில் நூலகத் துறைக்கே தகப்பன் மாதிரி இருந்த சீர்காழிக்காரர், 1892இல் பிறந்தவர், அவரும் கணித வாத்தியார்தான், மாநிலக் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன ஒரே வாரத்தில் தனிமை தாங்காமல் திரும்பி ஓடி வந்து, பழைய வேலையையே கொடுங்கள் என்று கெஞ்சினாராம். லண்டன் போய் அங்கே நூலகங்களைப் பார்த்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வகுப்புக்கே வந்துவிடு என்று ஒரு சமாதானம் செய்து அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் இரும்புத் துண்டுகளையும் திருகாணிகளையும் மாட்டி மாட்டி வெவ்வேறு உருவம் செய்யும் மெக்கானோ பொம்மையைப் பார்த்திருக்கிறார். ஒரு புத்தகத்தின் பொருளையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துக் கோத்து ஒரு எண்ணாக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. அதுதான் 1933இல் கோலன் பகுப்பு முறையாக வந்தது. 1931இல் நூலகத்துக்கென்று அவர் சொன்ன ஐந்து விதிகளைத்தான் இன்றைக்கும் லைப்ரரி சயின்ஸ் படிப்பின் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆகஸ்ட் 12ஐ நூலகர் தினம் என்று கொண்டாடுவதும் அவருக்காகத்தான். அவருக்கே ஒரு வாரம் தாங்கவில்லை என்பதை உங்கள் தங்கச்சியிடம் சொல்லி வையுங்கள். முதல் மாசம் அழுகை வந்தால் பயப்படக் கூடாது.

சரி, ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். கதவைத் திறக்கும்போதே நாலைந்து பெரியவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள், செய்தித்தாளுக்கு. அதில் ஒருவருக்கு நடுப்பக்கம்தான் முதலில் வேண்டும், இன்னொருவருக்கு வரிவிளம்பரம், இதற்கு ஒரு எழுதப்படாத வரிசை உண்டு, புதிதாக வருகிறவர் அந்த வரிசையைக் குலைத்தால் பஞ்சாயத்து நம்மிடம்தான் வரும். அடுத்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், சொந்தப் புத்தகத்தோடு வந்து பிளக் பாயிண்ட் இருக்கிற மேஜையைப் பிடித்துச் சாயங்காலம் வரை நகர மாட்டார்கள். நம் அலமாரியை அவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று சில சீனியர்கள் புலம்புவார்கள். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. வீட்டில் ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கிற பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் அமைதியும் கொடுப்பதும் இந்த வேலைதான்.

நடுவில் வந்த புத்தகத்தைப் பதிவு செய்வது, கிழிந்ததைத் தனியே எடுத்து வைப்பது, கெடு முடிந்தும் திருப்பாதவர்களுக்கு போன் அடிப்பது. இந்தக் கடைசி வேலை ஒரு கலை. எடுத்துப் போனவர் பினாங்கில் இருப்பார், புத்தகம் இங்கே பூட்டிய வீட்டில் இருக்கும், சாவி கோயம்புத்தூரில் இருக்கும். செட்டிநாட்டில் கிளை நூலகம் நடத்தியவர்களுக்கு மட்டும் புரிகிற சோகம் இது.

அப்புறம்தான் உண்மையான வேலை, வகைப்படுத்துவதும் பட்டியல் போடுவதும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரித்தான் தெரியும். பொருள்வாரியாகப் புத்தகத்துக்கு எண் கொடுக்கிற டூயி பகுப்பு முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 தொடங்கி 829 வரை பத்து எண்ணும் முழுசாக ஒதுக்கியிருப்பார்கள், நம் தமிழ் இலக்கியம் 894.811 என்று "மற்ற மொழிகள்" என்கிற திண்ணையில் ஓரமாக ஒண்டிக்கொண்டிருக்கும். 1876இல் ஒரு அமெரிக்கர் போட்ட திட்டம், அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். கோலனில் தமிழுக்கு 31 என்று இரண்டே இலக்கம். ஆனாலும் டூயிதான் பரவலாக ஓடுகிறது, அதனால் அதைக் கற்றுக்கொள்ளாமல் முடியாது.

ஒரு சின்ன உதாரணம். நகரத்தார் கோவில்கள் ஒன்பது, இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று வரிசையாகச் சொல்லுவோமே, அதைப் பற்றி ஒரு சிறு நூல் வந்தது. கோவில் என்பதால் 294.5இல் சமயத்தோடு வைக்கலாம். எந்தக் கோவிலைச் சேர்ந்தவர் எந்தக் கோவில்காரருக்குப் பெண் கொடுக்கலாம் என்கிற விஷயமும் உள்ளே பாதிக்கு மேல் இருந்ததால் சமூகவியலில் வைக்கலாம். கட்டடம் பற்றி ஒரு அத்தியாயம் இருந்தது. நான் சமயத்தில்தான் முதலில் வைத்தேன், எட்டு மாசம் ஒருவரும் தொடவில்லை. வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தால், "நம்ம பக்கத்துச் சரித்திரம் ஏதாச்சும் இருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். எடுத்து 954.82இல், தமிழ்நாட்டு வரலாற்றோடு சேர்த்து வைத்தேன். இப்போது அது அலமாரியில் தங்குவதே இல்லை. தவறான இடத்தில் இருக்கிற புத்தகம் தொலைந்த புத்தகம்தான், ஆனால் "சரியான" இடம் எது என்பதை எண் மட்டும் சொல்லாது, உள்ளே வருகிற ஆளும் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயம் இதைவிடப் பெரிய கூத்து. எங்கள் பக்கத்து முதலெழுத்துகள் ஒற்றை எழுத்தில் நிற்காது. ராய., சுப., பழ., அரு., மெய்., சித. என்று முன்னோர் பெயரைச் சுருக்கி முன்னால் போடுவார்கள். மேலைச்சிவபுரியில் பிறந்து மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை போன வ.சுப. மாணிக்கத்தை எத்தனை பட்டியலில் "வ.சு.ப. மாணிக்கம்" ஆக்கியிருக்கிறார்கள் தெரியுமா. 'சுப' என்பது ஒரே துண்டு, நடுவில் புள்ளி வைத்தால் கணினிக்கு அவர் வேறு ஆள். ராய. சொக்கலிங்கம், ரா.ய. சொக்கலிங்கம், சொக்கலிங்கம் ராய. என்று ஒரே மனிதர் மூன்று பேராக உட்கார்ந்திருப்பார். இதற்கு மேல், பழைய பதிவுகளை ஒருவர் பாமினி எழுத்துருவில் அடித்திருப்பார், இன்னொருவர் டாம், மூன்றாமவர் யூனிகோடு. கோஹா என்கிற நூலக மென்பொருளுக்கு மாற்றும்போது தேடினால் பாதி வராது. உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதுதான், வேறு மந்திரம் கிடையாது. மூவாயிரம் பதிவை நான் அப்படித் திருத்தியிருக்கிறேன், அதற்கு யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. ஆனால் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்து ஒரே தேடலில் பதினாலு புத்தகமும் வந்துவிட்டது என்று சிரித்தாள் பாருங்கள், அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு ருசித்தது.

செட்டிநாட்டில் நூலகராக இருப்பதில் வேறு எங்கும் கிடைக்காத ஒன்று இருக்கிறது. பெட்டி வரும். ஒரு நாள் பள்ளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு ஆச்சி, எழுபத்தைந்து வயது இருக்கும், ஆட்டோவில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார்கள். வீட்டைப் பிரிக்கிறார்கள், பதினேழு பங்கு, தூணுக்கும் கதவுக்கும் முனீஸ்வரன் கோவில் தெருக் கடைக்காரர்கள் விலை பேசி முடித்துவிட்டார்கள், எனாமல் தூக்குக்கும் பர்மாத் தேக்குப் பெட்டிக்கும்கூட ஆள் வந்துவிட்டது, புத்தகத்துக்கு மட்டும் ஆள் இல்லை. "கிலோவுக்குப் போடச் சொல்றாக. எங்க ஐயா கையெழுத்து இருக்கு, மனசு வரலை. நீங்க வச்சுக்கங்க தம்பி."

மூடியைத் திறந்ததும் அந்துருண்டையும் பழைய தாளும் கலந்த வாசனை. மேலாக்கப் பஞ்சாங்கங்கள். அதற்குக் கீழே தேவாரம், பட்டினத்தார் பாடல், ஓரம் பழுப்பேறித் தொட்டால் பொடியாகிற தாள். ரங்கூனில் அச்சடித்த கல்யாண வாழ்த்துப்பா ஒரு கட்டு, ஒரே பக்கம், சுற்றிலும் பூ பார்டர், ரோஸ் கலர் தாள். நூல் போட்டுத் தைத்த பேரேடு இரண்டு. அடியில் கறையான் ஒரு மூலையைத் தின்று மண் அப்பியிருந்தது, இராமபாணப் பூச்சி நடுப்பக்கங்களில் வரைபடம் வரைந்திருந்தது. ஆச்சி வாழ்த்துப்பாவில் ஒன்றை எடுத்துக் கண்ணாடியைச் சரி செய்து, ராகம் போட்டே படித்தார்கள்.

இப்போது நூலகர் என்ன செய்ய வேண்டும்? எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கினால் முதல் தப்பு, பூச்சி மற்ற அலமாரிக்கும் குடிபோய்விடும். பெட்டியைத் தனி அறையில் வைத்து, ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, மண்ணையும் பூச்சி அரித்த தாளையும் பிரித்து, நல்லதை நிழலில் காற்றாட விட வேண்டும். வெயிலில் போட்டால் தாள் இன்னும் முறியும். கிழிந்ததைச் செல்லோடேப் போட்டு ஒட்டவே கூடாது, பத்து வருஷத்தில் அந்தப் பசை மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். நம் ஆட்கள் நல்லது என்று நினைத்துச் செய்கிற முதல் பாவம் அதுதான். வசம்பும் வேப்பிலையும் வைப்பது நல்ல பழக்கம், ஆனால் ஏற்கெனவே உள்ளே முட்டையிட்ட பூச்சியை அது விரட்டாது.

அடுத்து எது யாருக்கு. தேவாரம் எங்களிடமே நாலு பிரதி இருக்கிறது, அது வேண்டாம் என்று ஆச்சி மனம் நோகாமல் சொல்ல வேண்டும். பேரேடு கிளை நூலகத்தில் இருந்து ஒரு பயனும் இல்லை, ஆனால் பர்மாவில் வட்டிக்கடை நடந்த விதத்தை ஆராய்கிறவருக்கு அது தங்கம். வாழ்த்துப்பாவும் அப்படித்தான், குப்பை மாதிரித் தெரிகிற அந்த ரோஸ் தாளில் ஊர், தேதி, அச்சகம், மாப்பிள்ளை வீட்டார் பெயர், எல்லாம் இருக்கிறது. இந்த மாதிரியான தாள்களின் அருமை தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார், கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ் என்று வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார், மொத்தம் ஒரு லட்சம் உருப்படிக்குக் குறையாது. 1992இல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விடாமல் சென்னையிலேயே 1994இல் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். நம் ஆச்சியின் பேரேட்டையும் வாழ்த்துப்பாவையும் அந்த மாதிரி ஆராய்ச்சி நூலகங்களுக்கு எழுதிக் கேட்டு அனுப்புவதுதான் முறை என்று சொன்னேன். மூன்று புத்தகங்களை மட்டும் நன்கொடைப் பதிவேட்டில் ஏற்றி, உள்ளே அவர்கள் ஐயா பெயரையும் எழுதினேன். ஆச்சி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ஆட்டோவுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்கள்.

இப்படியே சொல்லிக்கொண்டு போனால் அருமையான வேலை மாதிரித் தெரியும். கசப்பையும் சொல்லிவிடுகிறேன். இருப்புச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, பதிவேட்டில் இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் அலமாரியில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது. ஒரு முறை எனக்கு முப்பத்தேழு புத்தகம் குறைந்தது. யார் எடுத்தார்கள், எப்போது போனது, எனக்கு முன்னால் இருந்தவர் காலத்திலா, ஒன்றும் தெரியாது. என் சம்பளத்திலிருந்துதான் போனது. வாசகரை நம்பி அலமாரியைத் திறந்துவிடு என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டு, தொலைந்தால் நீ கட்டு என்றால் நூலகர் என்ன செய்வார், பூட்டி வைப்பார். சில ஊர்களில் கண்ணாடி அலமாரியில் புத்தகம் சிறையில் இருப்பதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கிறது.

முன்பு இருந்த தனியார் கல்லூரியில் வேறு மாதிரி. 2007இல் சேர்ந்தபோது மாசம் நாலாயிரத்து ஐந்நூறு. கோடை விடுமுறை வந்தால் கிராமம் கிராமமாகப் போய் மாணவர் சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வேண்டும், நூலகரும்தான். கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கிற நாக் குழு வருகிறது என்றால் மட்டும் நூலகத்தின் ஞாபகம் வரும், மூன்று ராத்திரி தூங்காமல் அலமாரி துடைப்போம், குழு போனதும் பழைய குருடி கதவைத் திறடி. எல்லாக் கல்லூரியும் அப்படி இல்லை, ஆனால் சேருவதற்கு முன்னால் அங்கே வேலை பார்க்கிறவரிடம் ஒரு டீ குடித்துக்கொண்டே விசாரித்துவிட வேண்டும்.

சரி, படிப்பும் வேலையும். எந்தப் பட்டம் முடித்திருந்தாலும் லைப்ரரி சயின்ஸ் இளநிலைப் பட்டமான பி.எல்.ஐ.எஸ்சி. ஒரு வருஷம், அதற்கு மேல் முதுநிலையான எம்.எல்.ஐ.எஸ்சி. ஒரு வருஷம், சில இடங்களில் இரண்டையும் சேர்த்து இரண்டு வருஷப் படிப்பாகவே வைத்திருக்கிறார்கள். தேவகோட்டையிலிருந்து தூரம் போக வேண்டியதில்லை, காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலேயே இதற்கென்று துறை இருக்கிறது. பட்டத்துக்குக் கீழே சான்றிதழ்ப் படிப்பும் உண்டு, ஆனால் பட்டதாரிப் பிள்ளை அதோடு நிற்பது வீண்.

வேலைக்கு வாசல் மூன்று நாலு. பொது நூலகம் என்றால் டிஎன்பிஎஸ்சி தேர்வு எழுத வேண்டும், அது நினைத்த வருஷம் வராது, வந்தாலும் இடம் கொஞ்சம்தான். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது, 1948இல், அதன் பின்னாலும் ரங்கநாதனின் உழைப்பு இருக்கிறது. நீங்கள் வீட்டு வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகவும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள், ரசீதை எடுத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில்தான் நாங்கள் ஓடுகிறோம். அது உள்ளாட்சியிலிருந்து நேரத்துக்கு வந்து சேர்ந்தால் புதுப் புத்தகம், இல்லாவிட்டால் பழசுக்கு அட்டை. ஊர்ப்புற நூலகங்களில் வேலைக்கு வந்தவர்கள் சம்பள விஷயத்தில் ரொம்பப் பின்தங்கியவர்கள், அந்த வாசலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நல்ல சம்பளம் வேண்டுமென்றால் அரசு அல்லது உதவிபெறும் கல்லூரி, பல்கலைக்கழகம். முதுகலையில் 55 சதவீதம், அதோடு கல்லூரி வேலைக்கான தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சி. உள்ளே போய்விட்டால் யுஜிசி விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நிகரான சம்பளம், ஏழாவது ஊதியக்குழுக் கணக்கில் அடிப்படைச் சம்பளமே 57,700இல் தொடங்கும். அங்கே வேலையின் முகமும் வேறு, ஆய்வேடுகளைக் கருத்துத் திருட்டுச் சோதனைக்கு அனுப்புவது, சோத்கங்கா என்கிற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஏற்றுவது, மின்னிதழ்ச் சந்தாக்களைப் பார்ப்பது, பேராசிரியர்களுக்குத் தேடிக் கொடுப்பது. கேந்திரிய வித்யாலயாவில் நூலகர் பணியிடம் உண்டு, இந்தியும் தெரிந்திருக்க வேண்டும். காரைக்குடியில் இருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரியான ஆராய்ச்சி நிறுவனங்களிலும் எப்போதாவது இடம் வரும். கணிதப் பட்டம் என்பதால் கணினிப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, கோஹாவை நிறுவி நடத்தக் கற்றுக்கொண்டாள் என்றால் அவளுக்குக் காத்திருக்கும் காலத்திலும் வேலை இருக்கும். சின்னக் கல்லூரிகளும் பள்ளிகளும் அதைச் செய்துகொடுக்க ஆள் தேடிக்கொண்டே இருக்கின்றன.

பொம்பளைப் பிள்ளைக்கு நல்லதுதான் என்றீர்கள், பாதுகாப்பா என்றால், பெரும்பாலும் ஆம். ஆனால் சின்னக் கிளைகளில் அவள் ஒருத்திதான் ஊழியர், இருட்டிய பிறகு பூட்டிவிட்டுத் தனியாகக் கிளம்ப வேண்டியிருக்கும், கழிப்பறை இல்லாத நூலகக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றன. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா பக்கத்து வீட்டை நம்பியே ஏழு வருஷம் ஓட்டினார்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். 2025 ஜனவரியில் அழகப்பா வளாகத்தில் திறந்த வளர் தமிழ் நூலகத்தை ஒரு நாள் சுற்றிப் பார்க்கட்டும், அது பளபளப்பு. அடுத்த நாள் தேவகோட்டைப் பக்கத்திலேயே ஏதாவது ஒரு பழைய கிளை நூலகத்துக்குப் போய், அங்கே இருக்கிற நூலகரிடம் கேட்டு, திரும்பி வந்த புத்தகங்களை ஒரு வாரம் அலமாரியில் அடுக்கிக் கொடுக்கட்டும், யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். தூசி ஒத்துக்கொள்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மட்டும் போக வேண்டாம், பூட்டியிருக்கும்.